502-இல் 178 போனால்?

மூன்றாம் வகுப்பில் இந்த வாரம் ஓடிக்கொண்டிருப்பது கழித்தல். புத்தகம் இதை 'இனமாற்றம்' என்கிறது. ஊரில் எல்லோருக்கும் அது கடன் வாங்கிக் கழிக்கிறதுதான். திங்கட்கிழமை கரும்பலகையில் ஒரே ஒரு கணக்கை எழுதிப் போட்டேன்: 502 − 178. நோட்டுகளை வாங்கிப் பார்த்தால் நான்கு விதமான விடைகள். 476, 234, 304, 324. கடைசியில் இருப்பதுதான் சரி. ஆனால் வாரம் முழுக்க எனக்கு வேலை வைத்தவை முதல் மூன்றும்.

ஒட்டன்சத்திரம் பக்கத்து ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் என் பொறுப்பு. நான்கும் ஐந்தும் தலைமையாசிரியருக்கு. பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் காய்கறி மார்க்கெட்டில் வேலை செய்கிறார்கள், மீதி வீடுகளில் ஆடு மாடு. கல்லூரிக் காலத் தோழிகள் பேசும்போது, "சின்னப் புள்ளைங்களுக்கு என்னடி பெருசா சொல்லித் தர? அ, ஆ, ஒண்ணு, ரெண்டு, அவ்வளவுதானே" என்பார்கள். சரி, இந்த வாரம் என் வகுப்பில் என்னதான் நடந்தது என்று எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அந்த 476. எட்டைவிட இரண்டு சின்னது, அதனால் எட்டிலிருந்து இரண்டை எடுத்துவிட்டார்கள். ஏழிலிருந்து சைபரை எடுத்தார்கள். ஐந்திலிருந்து ஒன்று. எந்த எண் மேலே, எந்த எண் கீழே என்ற கவலையே இல்லை. பெரியதிலிருந்து சின்னதைக் கழி, அவ்வளவுதான் விதி. இந்த விதியை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நாம்தான். ஒன்றாம் வகுப்பில், 'சின்னதுல இருந்து பெருசு போகாது கண்ணு' என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்? அதைப் பிடித்துக்கொண்டு வந்து இங்கே நிற்கிறார்கள்.

304 போட்டவள் கடன் வாங்கத் தெரிந்தவள். பக்கத்தில் சைபர் இருக்கிறது, அங்கே வாங்க ஒன்றுமில்லை என்று நேராக ஐந்திடம் போய்விட்டாள். ஐந்து நான்காகிவிட்டது, இரண்டு பன்னிரண்டாகிவிட்டது, பன்னிரண்டில் எட்டு போக நான்கு. நடுவில் சைபரிலிருந்து ஏழை எப்படி எடுப்பது? "ஒண்ணுமே இல்லாததுல எடுத்தா ஒண்ணுமே இல்லதானே டீச்சர்" என்றாள். வாழ்க்கையில் அது சரியான பேச்சுதான்.

234 போட்ட பையனைத்தான் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவனும் ஐந்திடம் ஒன்று வாங்கி இரண்டைப் பன்னிரண்டாக்கினான். அடுத்த கட்டத்தில் சைபர் நிற்கிறதே என்று மறுபடியும் அதே இடத்துக்குப் போய் இன்னொன்று வாங்கிவந்தான். பத்தில் ஏழு போக மூன்று, மூன்றில் ஒன்று போக இரண்டு. ஒவ்வொரு படியையும் விரல் வைத்துச் சொன்னான், எங்கேயும் தடுமாறவில்லை. விடை மட்டும் தப்பு.

இந்த மூன்று விடைகளும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கண்டுபிடித்தவை இல்லை. அமெரிக்காவில் ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்று இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிள்ளைகள் கழித்தலில் செய்யும் பிழைகள் கண்டபடி வருவதில்லை, ஒரு தப்பான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகின்றன என்று காட்டி, அப்படிப்பட்ட விதிகளை நீளமாகப் பட்டியல் போட்டார்கள். சின்னதைப் பெரியதிலிருந்து கழிப்பதும், சைபரைத் தாண்டிக் குதிப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கணினி நிரலில் பிழை தேடுகிற மாதிரி பிள்ளையின் விடையிலிருந்து அவன் மனசுக்குள் ஓடும் விதியைத் தேடவேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆசிரியப் பயிற்சி படித்த காலத்தில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சிவப்பு மையில் பெருக்கல் குறி போடத்தான் சொல்லித் தந்தார்கள்.

இரண்டு இலக்கக் கழித்தல் வரைக்கும் எங்களுக்கு ஈர்க்குச்சி போதும். பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்ட். 42-இல் 17 எடுக்க வேண்டுமென்றால் ஒரு கட்டைப் பிரித்தே ஆகவேண்டும், பிள்ளைகளுக்கு அது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. ஐந்நூறு குச்சிக்கு எங்கே போவது? ஆணிமணிச்சட்டம் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு சங்கடம். நூறுகளின் கம்பியில் கிடக்கும் மணியும் ஒன்றுகளின் கம்பியில் கிடக்கும் மணியும் ஒரே அளவு. இந்த மணி நூறு, அந்த மணி ஒன்று என்று ஒத்துக்கொள்வதற்கே இடமதிப்பு புரிந்திருக்க வேண்டும். புரியவைக்க எடுத்த கருவியே புரிந்தவர்களுக்குத்தான் பயன்படுகிறது. அதனால் நான் ரூபாய்க்கு வந்துவிட்டேன். அட்டையில் வெட்டிய நூறு ரூபாய், பத்து ரூபாய், ஒரு ரூபாய். ஒருத்தி பேங்க், ஒருத்தி கடைக்காரி.

234 பையன் கையில் ஐந்து நூறு ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாயும். கடைக்கு 178 ரூபாய் கொடுக்கவேண்டும். இரண்டு நூறு நோட்டை நீட்டினான். கடைக்காரி பெரிய ஆள், "மீதி தர என்கிட்ட இல்ல, சரியா குடு" என்றுவிட்டாள். எட்டு ஒரு ரூபாய் வேண்டும், கையில் இருப்பது இரண்டு. நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனான். பேங்க்காரி பத்து பத்து ரூபாய் நோட்டுகளை எண்ணி வைத்தாள். அதில் ஒன்றை மட்டும் திரும்பக் கொடுத்து, "இதுக்கு ஒத்த ரூவாயா குடு" என்று பத்து நாணயங்கள் வாங்கினான். இப்போது பன்னிரண்டு ஒரு ரூபாய். எட்டைக் கடைக்காரியிடம் கொடுத்தான். அடுத்து எழுபது. நோட்டைப் பார்த்தான், இன்னொரு நூறை மாற்றிவந்ததாக எழுதியிருக்கிறான். இடது கையைப் பார்த்தான், ஒன்பது பத்து ரூபாய் நோட்டுகள் விசிறி மாதிரி விரிந்து நிற்கின்றன.

"டீச்சர், இந்த ஒம்போது நோட்ட நான் எழுதவே இல்ல."

324-இலிருந்து 234-ஐக் கழித்துப் பாருங்கள், சரியாகத் தொண்ணூறு. நூறு ரூபாயை உடைத்துப் பத்து ரூபாயை மட்டும் ஒன்றுகளின் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மீதித் தொண்ணூறை அவன் வழியிலேயே தொலைத்திருக்கிறான். சைபருக்கு மேலே ஏன் ஒன்பது எழுதுகிறோம் என்று நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவனே நோட்டில் அந்தச் சைபரை அடித்துவிட்டு மேலே 9 போட்டான். நான் படித்த காலத்தில், 'சைபர் வந்தால் ஒன்பது ஆக்கிக்கோ' என்று மனப்பாடமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். ஏன் ஒன்பது, எட்டாக இருந்தால் என்ன என்று கேட்டவர் யார்?

வெள்ளிக்கிழமை 700 − 256 கொடுத்தேன். முக்கால்வாசிப் பேர் 444. ஒருத்தி மட்டும் 454. பத்து நோட்டில் ஒன்றை மாற்றிய பிறகும் கையில் பத்து இருப்பதாகவே எண்ணியிருக்கிறாள். அடுத்த வாரம் அவள் பேங்கில் உட்காரட்டும்.

இதற்கு ஏன் ஒரு வாரம் என்று கேட்பவர்கள் உண்டு. ஏசர் கணக்கெடுப்பு என்று செய்தித்தாளில் வருமே, பிரதம் அமைப்பு 2005-இல் தொடங்கியது, கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லியும் கணக்குப் போடச் சொல்லியும் பார்ப்பார்கள். அதில் கணக்குக்கு அவர்கள் வைக்கும் முக்கியமான படிகளில் ஒன்று, இரண்டு இலக்கத்தில் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா என்பது. தேசமே உட்கார்ந்து பார்க்கிற கணக்கு இது. நான் அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது?

ஒன்றாம் வகுப்புக்கு வருவோம். எழுத எளிதான ட, ப, ம-வில் ஆரம்பித்து, துணைக்கால், கொக்கி எல்லாம் தாண்டி இப்போது கொம்புக்கு வந்திருக்கிறோம். கெ, கே. இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வாயில் முதலில் வருவது க், அப்புறம்தான் எ. எழுத்தில் முதலில் வருவது கொம்பு, அப்புறம்தான் க. இத்தனை நாள் இடமிருந்து வலமாக, காதில் கேட்கிற வரிசையில் எழுது என்று பழக்கிவிட்டு, திடீரென்று வரிசையை மாற்றுகிறோம். ஒரு குழந்தை 'கேழ்வரகு' படத்துக்குக் கீழே முதலில் க எழுதி, அதற்கு வலது பக்கம் இரட்டைக்கொம்பைப் போட்டிருந்தாள். அவள் காது சொன்னதைக் கை எழுதியிருக்கிறது. அடுத்து கொ, கோ வரும். அதில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

அதைவிடக் கஷ்டமானது உகர வரிசை. மற்ற வரிசைகளில் ஒரு குறியைக் கற்றுக்கொண்டால் பெரும்பாலும் பதினெட்டுக்கும் ஒட்டவைத்துவிடலாம். கு, சு, டு, து, மு என்று எழுதிப் பாருங்கள், கோடு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் போகிறது. நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை. பெரியார் 1935-இலேயே குடிஅரசில் சீர்திருத்திய எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். எம்.ஜி.ஆர் ஆட்சியில் 1978-இல் அவற்றில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா, லை, னை எல்லாம் அப்போதுதான் இந்த உருவத்துக்கு வந்தன. உகர, ஊகார வரிசைகளையும் மாற்ற வேண்டும் என்று வா.செ. குழந்தைசாமி நெடுங்காலம் வாதாடினார், நடக்கவில்லை. நடந்திருந்தால் நல்லதா என்று என்னைக் கேட்டால், ஒன்றாம் வகுப்பு டீச்சராக ஆமாம் என்பேன், பழைய புத்தகங்கள் படிக்கிறவளாக யோசிப்பேன்.

1978-க்கு இன்னும் எங்கள் வகுப்பில் வேலை இருக்கிறது. புதன்கிழமை ஒரு பையனின் சிலேட்டில் 'மலை' என்ற சொல்லில் லை-க்கு யானைத் தும்பிக்கை தூக்கி நிற்கிறது. யார் எழுதித் தந்தது என்றால் அப்பத்தாவாம். அவர் படித்த காலத்து எழுத்து. "எங்க அப்பத்தா தப்பா எழுதிருச்சா டீச்சர்?" என்று கேட்டான். இல்லை சாமி, அதுவும் சரி, இப்போ புத்தகத்தில் இப்படி எழுதுகிறோம் என்று சொல்லி இரண்டையும் கரும்பலகையில் எழுதினேன். மத்தியானத்துக்குள் ஒன்றாம் வகுப்பு முழுக்கத் தும்பிக்கை போட்டுக்கொண்டிருந்தது.

'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து உட்காரவைக்கச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்பில் இருப்பவனும் எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால் அரும்பு. எனக்கு அதில் பெரிய ஆட்சேபணை இல்லை, மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்திருப்பவள் எப்படியும் அதைத்தான் செய்வாள். வாசிப்பை மதிப்பிடுகிற இடத்தில்தான் எனக்கு ஒரு வழக்கு. இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வாசிக்க அட்டை கொடுத்தேன். 'கோழி மேய்கிறது' என்று எழுதியிருக்கிறது. அவள் ஒவ்வோர் எழுத்தாக உதட்டுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து, "கோழி மேயுது" என்றாள்.

இது சரியா, தப்பா? எழுத்தை எண்ணி மதிப்பெண் போடுகிறவர்கள் தப்பு என்பார்கள். பக்கத்தில் இன்னொரு பிள்ளை. மே, ய், கி, ற, து என்று ஒவ்வொன்றையும் பிசிறில்லாமல் சொல்லி முடித்தான். என்னப்பா படிச்ச, கோழி என்ன பண்ணுது என்று கேட்டால் முழிக்கிறான். முதல் பிள்ளை புத்தகத் தமிழை வாங்கி, அர்த்தம் பண்ணி, தன் வீட்டுத் தமிழில் திருப்பித் தந்துவிட்டாள். ஆறேழு வயசில் இது சின்ன வேலையா? நான் அவளுக்கு டிக் போட்டேன். 'மேய்கிறது' என்று வாசிக்க ஒரு மாசத்தில் வந்துவிடும். படித்தது மண்டைக்குள் போகவேண்டும் என்கிற பழக்கம் அவ்வளவு லேசில் வராது.

ஒரு அறைக்குள் மூன்று வகுப்பு என்றால் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லித் தருவார்கள், வேறென்ன. 304 போட்ட பெண் கொம்பு எழுதப் பழக்குவதில் கெட்டிக்காரி. ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் விரலைப் பிடித்து மணலில் இழுக்க வைக்கிறாள், "மொதல்ல கொம்பு, வாயில மட்டும் பின்னால" என்று அவளே ஒரு சூத்திரம் வைத்திருக்கிறாள். என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்.

இந்த வித்தை நம் ஊரிலிருந்து கப்பலேறிய வித்தை. 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்களுக்கு அதில் விருப்பமில்லை. எட்டு வயசுப் பையன் ஒருவனையே கீழ் வகுப்புக்கு வாத்தியாராக்கினார், அவன் நடத்திவிட்டான். 1797-இல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார், 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்தில் பள்ளி பள்ளியாகப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுப்போன பணத்தில் உண்டான பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். ஆசிரியர் சம்பளத்தை மிச்சம் பிடிக்க அங்கே இதைப் பயன்படுத்தினார்கள் என்பது தனிக்கதை. அந்தக் கணக்கு இன்றைக்கும் சிலருக்குப் பிடிக்கும் என்பதால் அதை இங்கே நீட்டவில்லை.

ஆங்கிலத்தில் ஒலிப்பயிற்சி, ஒரு பாட்டு, ஆடிக்கொண்டே பாடியாயிற்று. இரண்டாம் வகுப்புக் கணக்கில் சாணும் முழமும். மேசை என் கையால் எட்டுச் சாண், அவர்கள் கையால் பதினொன்று, பதின்மூன்று என்று சண்டை. ஸ்கேலை நான் இன்னும் வெளியே எடுக்கவில்லை. சண்டை முற்றட்டும்.

முதல் பாடவேளையில் கணக்கு வைக்க முடிகிறது என்பதையும் சொல்லவேண்டும். முன்பெல்லாம் பத்து மணிக்கே சில பிள்ளைகள் மேசையில் தலை சாய்த்துவிடுவார்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. இப்போது ஒன்பதேகாலுக்கு 502-ஐ எழுதிப் போட்டால் கேட்கிற நிலையில் இருக்கிறார்கள்.

பெற்றோர் தரப்பில் இந்த வாரம் வந்த புகார் ஒன்றே ஒன்று: வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வதில்லை. ஒரு அப்பா வாசல் வரைக்கும் வந்து, "நாங்க பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் கடகடன்னு சொல்லுவோம் டீச்சர்" என்றார். வாய்ப்பாடு தெரியவேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடியைப் பாடம் பண்ணினார்கள். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, காணி என்றால் 80-இல் ஒரு பங்கு, இந்தப் பின்னங்களை எல்லாம் வாயிலேயே பெருக்கினார்கள். வயலை அளக்கவும் நெல்லை அளக்கவும் தினமும் அந்தக் கணக்கு வேண்டியிருந்தது, அதனால் மனசில் நின்றது. இவரிடம், ஏழு பெட்டி தக்காளி, பெட்டிக்குப் பதினைந்து கிலோ, மொத்தம் எத்தனை கிலோ என்று கேட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் நூற்றஞ்சு என்றார். வாய்ப்பாட்டில் பார்த்தீர்களா என்றால் இல்லையாம். பத்துப் பெட்டி நூத்தம்பது, அதுல மூணு பெட்டி நாப்பத்தஞ்சு போச்சு. இதைத்தான் உங்கள் மகனுக்கும் காட்டப் போகிறேன் என்றேன். பாதி சமாதானத்தோடு போனார். மீதிப் பாதியுடன் அடுத்த வாரம் வருவார் என்று நினைக்கிறேன்.

கடைசியாக சூழ்நிலையியல். இலைகளைக் கொண்டுவந்து வகைப்படுத்த வேண்டும். பெரிய இலை, சின்ன இலை, ஓரம் வெட்டியது, வெட்டாதது என்று பிரிப்பார்கள் என்று நினைத்துத் தாளை விரித்தேன். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைகள் வேறு மாதிரி பிரித்துவிட்டார்கள்: ஆடு தின்பது, தின்னாதது. வேம்பு, புளி, அகத்தி, கிளுவை ஒரு பக்கம். ஆடாதொடை மறுபக்கம், அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எருக்கில் வந்தது தகராறு. தொடவே தொடாது என்று ஒரு கட்சி. காய்ந்த இலை என்றால் ஒன்றிரண்டு கடிக்கும், நான் பார்த்திருக்கிறேன் என்று 476 போட்ட பையன். பச்சை இலையில் பால் வருகிறது, காய்ந்துவிட்டால் பால் இல்லை, அதனால்தான் கடிக்கிறது என்று காரணமும் சொன்னான். கழித்தலில் மேலே எது கீழே எது என்று பார்க்காதவன் இங்கே இவ்வளவு பார்த்து வைத்திருக்கிறான். எதிர்க்கட்சி ஒத்துக்கொள்ளவில்லை. எருக்கிலையைத் தாளின் நடுக்கோட்டின் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறோம்.

திங்கட்கிழமை ஆட்டையே பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பியிருக்கிறான். தலைமையாசிரியரிடம் கேட்டேன். வரட்டும், ஆனால் கத்தரிச் செடிப் பக்கம் மட்டும் விடாதீர்கள் என்றார்.